மெல்லிய குழாய் வழியே சர்ஃபாக்டன்ட்: வென்டிலேட்டர் இல்லாமல் கொடுத்தால் போதுமா?

பிப்ரவரி 4, மாலை 6.10 (கேள்வி)

என் தங்கைக்கு இன்று விடியற்காலையில் பெண் குழந்தை பிறந்தது. 28 வாரம்தான் ஆகிறது. எடை 1,080 கிராம். மூக்கில் சிறு குழல் வைத்துக் காற்று செலுத்துகிறார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுகிறாள். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்து குழிந்து எழுகிறது. நுரையீரலுக்குள் விட வேண்டிய சர்ஃபாக்டன்ட் என்ற மருந்தை வென்டிலேட்டர் இல்லாமல் மிக மெல்லிய குழாய் வழியாகக் கொடுக்கிறோம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் எங்கள் உறவில் ஒரு குழந்தைக்கு இதே மருந்தைப் பெரிய குழாய் போட்டு, வென்டிலேட்டரில் வைத்துத்தான் கொடுத்தார்கள். அவன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். தேறின வழியை விட்டுவிட்டு எதற்கு இந்தப் புது வழி? சிக்கனம் பார்க்கிறார்களா? மருந்தில் பாதி வயிற்றுக்குப் போய்விடாதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 4, இரவு 9.35

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினேழு ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். பணி முடிந்து இப்போதுதான் வந்தேன், இன்றைக்குச் சுருக்கமாக. சிக்கனம் இதில் இல்லை. மருந்தும் அதேதான், அளவும் குறைவதில்லை. உள்ளே போகும் வழி மட்டும் மாறுகிறது. இந்த முறையை லிசா என்கிறார்கள். மிஸ்ட் என்று சொல்லும் இடங்களும் உண்டு. தானாக மூச்சுவிடுகிற குறைமாதக் குழந்தைக்கு முதலில் இதைத்தான் நாட வேண்டும் என்று ஐரோப்பிய மருத்துவர்களின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. பெரிய பன்னாட்டு ஆய்வு ஒன்றும் நடந்து, இறப்பும் நாள்பட்ட நுரையீரல் நோயும் இதனால் குறைகின்றன என்று காட்டியிருக்கிறது.

வயிற்றுக்குப் போகுமா என்ற கேள்வி சரியான கேள்வி. அதற்குத் தனியாக வருகிறேன். பிரசவத்துக்கு முன் தங்கைக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டார்களா என்று விசாரித்துச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 5, காலை 5.50

அந்த முனகலிலிருந்து தொடங்குகிறேன். கேட்டுப் பயந்திருப்பீர்கள். பயப்பட வேண்டிய அறிகுறிதான், ஆனால் குழந்தை தனக்குத்தானே செய்துகொள்ளும் வைத்தியமும் அதுவே.

நுரையீரலின் கடைக்கோடியில் கண்ணுக்குத் தெரியாத காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. அவற்றின் உட்சுவர் ஈரமானது. ஈரத்துக்குத் தன்னைச் சுருக்கிக்கொள்ளும் குணம் உண்டு. பரப்பு இழுவிசை என்று பள்ளியில் படித்திருப்போம். நனைந்த இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒட்டிக்கொண்டால் பிரிப்பது எவ்வளவு கடினம்? மூச்சை வெளியே விட்டதும் அந்த அறைகளும் அப்படித்தான் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். கொழுப்பும் புரதமும் சேர்ந்த ஒரு வழவழப்பான படலம் அதைத் தடுக்கிறது. அதுதான் சர்ஃபாக்டன்ட். கருவில் 24 வார அளவில் சுரக்கத் தொடங்கி, 34, 35 வாரத்தில்தான் போதிய அளவுக்கு வருகிறது. உங்கள் தங்கை மகளுக்கு அது கொஞ்சம்தான் இருக்கிறது. விடுகிற மூச்சோடு அறைகள் மூடிக்கொள்ள, ஒவ்வொரு முறையும் புதிதாகத் திறக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் பார்த்த அந்தக் குழிவு அந்தப் போராட்டம்தான்.

அதனால் அவள் என்ன செய்கிறாள் தெரியுமா? மூச்சை வெளியே விடும்போது குரல்வளையைப் பாதி மூடிக்கொள்கிறாள். காற்று முழுவதும் ஓடிவிடாமல் கொஞ்சம் உள்ளே தங்குகிறது, அறைகள் அவ்வளவாக ஒட்டுவதில்லை. அந்த இடுக்கு வழியே காற்று வரும் ஓசைதான் முனகல். மூக்கில் வைத்திருக்கும் சீபாப் கருவி செய்வதும் இதே வேலைதான். பிறந்து சில நிமிடங்களே ஆன குழந்தைக்கு இது எப்படித் தெரிகிறது என்று பதினேழு ஆண்டுகளாக வியந்துகொண்டிருக்கிறேன்.

பெரிய குழாய் போடும்போது நாம் முதலில் பறிப்பது இந்த முனகலைத்தான். குழாய் குரல்நாண்களுக்கு நடுவே நிற்கும்வரை அவளால் குரல்வளையை மூட முடியாது. அழவும் முடியாது.

பிப்ரவரி 5, காலை 6.20

மேலே விட்டுப்போனது. இந்தப் பொருள் இல்லாமைதான் காரணம் என்று மருத்துவ உலகம் அறிந்துகொண்டதே 1959இல்தான். அமெரிக்காவில் மேரி எல்லன் ஏவரியும் ஜெர் மீடும் இறந்த குழந்தைகளின் நுரையீரலை ஆராய்ந்து எழுதினார்கள். தெரிந்தும் கையில் மருந்து இல்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இதே நோயால் 39 மணி நேரத்தில் இறந்தான். நாட்டின் அதிபரின் குழந்தைக்கே அன்று செய்ய முடிந்தது அவ்வளவுதான். 1980இல் ஜப்பானின் ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து தயாரித்த சர்ஃபாக்டன்டைப் பத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்து அவர்கள் தேறியதை எழுதினார். இன்று நாங்கள் கையில் எடுக்கும் குப்பிகளும் பெரும்பாலும் மாடு அல்லது பன்றியின் நுரையீரலிலிருந்து வருபவைதான்.

ஸ்டீராய்டு ஊசியைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. தாய்க்கு அதைப் போட்டால் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிரும் என்று நியூசிலாந்தின் லிகின்ஸும் ஹோவியும் 1972இல் காட்டினார்கள். ஊசி கிடைத்த குழந்தைகளுக்குச் சீபாப் மட்டுமே போதுமானதாக இருப்பதும் உண்டு.

பிப்ரவரி 5, இரவு 10.15

இரண்டு ஊசியும் போட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. மருந்து நேற்று இரவே கொடுத்துவிட்டார்கள், ஆக்சிஜன் தேவை 40 சதவீதத்திலிருந்து 25க்கு இறங்கியது என்பதும் நல்ல செய்தி. நாம் எல்லோரும் சுவாசிக்கும் காற்றிலேயே 21 சதவீதம் இருக்கிறது. அவள் இப்போது அதற்கு மிக அருகில் இருக்கிறாள்.

"தேறின வழியை எதற்கு விட வேண்டும்" என்று கேட்டீர்கள் அல்லவா? என் கையால் நடந்ததைச் சொல்கிறேன்.

பழைய முறையில் பெரிய குழாய் போட்டு, மருந்து விட்டு, நாள்கணக்கில் வென்டிலேட்டரில் வைப்பார்கள். பிறகு டென்மார்க்கில் ஃபெர்டரும் அவருடைய குழுவினரும் வேறொரு வழியைக் கொண்டுவந்தார்கள். 1994இல் அதன் முடிவுகள் வெளிவந்தன. குழாயைப் போடு, மருந்தைக் கொடு, உடனே குழாயை எடுத்துவிட்டுச் சீபாப்புக்குத் திரும்பு. இன்ஷ்யூர் என்று பெயர். கேட்க எளிதாக இருக்கும்.

எங்கள் பிரிவிலும் பின்னாளில் அப்படித்தான் செய்துவந்தோம். நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது ஆண்டு. இரவுப் பணி. 29 வாரக் குழந்தை ஒன்று, நன்றாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. குழாய் போட்டார்கள், மருந்து விட்டார்கள். மருந்து உள்ளே பரவுவதற்காக நான் பையை அழுத்திக் காற்று கொடுத்தேன். குழாயை எடுக்க வேண்டிய நேரத்தில் பிரசவ அறையிலிருந்து அழைப்பு வந்தது. இருந்தது ஒரே மருத்துவர். "வென்டிலேட்டரில் போடுங்கள், ஒரு மணி நேரத்தில் வந்து எடுத்துவிடுகிறேன்" என்று ஓடினார். அங்கே இரட்டைக் குழந்தைகள். விடிந்துவிட்டது. மயக்க மருந்தின் தாக்கத்தில் குழந்தை மூச்சுவிட மறந்திருந்தது. அடுத்த நாள் நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து, நெஞ்சில் வேறொரு குழாய் போட்டார்கள். ஒரு மணி நேரம் என்றது ஆறு நாள் ஆனது. குழந்தை பிழைத்துவிட்டான். ஆனால் பையை அழுத்திய என் கை எவ்வளவு அழுத்தியது என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். என்னைப் பயமுறுத்திய இரவு அது. யாரையும் குறை சொல்லவில்லை. அந்த முறையில் மூன்றாவது படி தவறிப்போக ஆயிரம் காரணம் இருந்தது.

பின்னாளில்தான் ஓர் ஆய்வைப் படித்தேன். ஸ்வீடனில் 1997இல், குறைமாத ஆட்டுக்குட்டிகளுக்குப் பிறந்தவுடன் ஆறே ஆறு பெரிய மூச்சைக் கையால் கொடுத்தார்கள். பிறகு கொடுத்த சர்ஃபாக்டன்ட் அந்தக் குட்டிகளில் சரியாக வேலை செய்யவில்லை. ஆறு மூச்சுதான். முதிராத நுரையீரலுக்கு அவ்வளவே போதுமான காயம்.

லிசாவில் கையால் மூச்சு கொடுப்பதே இல்லை, நல்லபடியாகப் போனால். மருந்தை உள்ளே இழுப்பது குழந்தையின் சொந்த மூச்சு.

பிப்ரவரி 6, காலை 7.05

முதல் குறிப்பில் தவறாக எழுதிவிட்டேன். ஒரு மருத்துவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். அவர் சொல்வது சரி.

"இறப்பும் நுரையீரல் நோயும் குறைகின்றன என்று காட்டியிருக்கிறது" என்றேன். நான் நினைத்துச் சொன்னது ஆப்டிமிஸ்ட் என்ற ஆய்வை. ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டைச் சேர்ந்த டார்கவில் தலைமையில் 11 நாடுகளில் 485 குழந்தைகளிடம் நடந்து, 2021இல் வெளிவந்தது. எல்லோரும் 25 முதல் 28 வாரக் குழந்தைகள். இறப்பு அல்லது நாள்பட்ட நுரையீரல் நோய் என்ற கூட்டு முடிவு மெல்லிய குழாய்க் குழுவில் 43.6 சதவீதம், மற்றதில் 49.6. வேறுபாடு இருந்தாலும் தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவுக்கு இல்லை. இறப்பை மட்டும் பார்த்தால் 10 சதவீதமும் 7.8 சதவீதமும், குறையவே இல்லை. அந்த இடைவெளியும் தற்செயலாக இருக்கலாம்.

தெளிவாகக் குறைந்தவை வேறு. பிழைத்த குழந்தைகளில் நாள்பட்ட நுரையீரல் நோய் 45.3இலிருந்து 37.3க்கு வந்தது. காற்றுக் கசிவு 10.2இலிருந்து 4.6க்கு. முதல் மூன்று நாளில் பெரிய குழாய் தேவைப்பட்டது 72 சதவீதத்திலிருந்து 36.5க்கு, ஏறக்குறையப் பாதி.

இன்னொன்றையும் நான் கவனிக்காமல் விட்டிருந்தேன். அந்த ஆய்வின் மறுபக்கக் குழுவில் மருந்தைப் பழைய முறையில் கொடுக்கவில்லை. அவர்களுக்குச் சீபாப் மட்டும். நிலைமை மோசமானால்தான் பெரிய குழாயும் மருந்தும். ஆகவே அது மெல்லிய குழாயையும் தடித்த குழாயையும் நேருக்கு நேர் நிறுத்திய பந்தயம் இல்லை. மருந்தை முன்னதாகக் கொடுப்பதா, பொறுத்துப் பார்ப்பதா என்பதும் அதில் கலந்திருக்கிறது.

இதையெல்லாம் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெரியம்மாவிடம் சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். தைரியம் சொல்கிறேன் என்று தவறான எண்ணத்தைக் கொடுப்பதைவிட இது மேல்.

பிப்ரவரி 6, பிற்பகல் 3.30

மருந்து வயிற்றுக்குப் போகுமா என்பதற்கு வருகிறேன். எங்கள் பிரிவில் நடப்பதை முழுதாகச் சொன்னால்தான் புரியும்.

குப்பியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றுவேன். குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துத் திருப்ப வேண்டும். உள்ளே பால் நிறத்தில் இருக்கும். பன்றியிலிருந்து வரும் போராக்டன்ட் என்றால் கிலோவுக்கு 200 மில்லிகிராம், அதாவது 2.5 மில்லிலிட்டர். உங்கள் 1,080 கிராம் குழந்தைக்கு 2.7 மில்லிலிட்டர். அரைத் தேக்கரண்டிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். மாட்டிலிருந்து வரும் பெராக்டன்ட் அடர்த்தி குறைந்தது, அதனால் கிலோவுக்கு 4 மில்லிலிட்டர் வேண்டும். மூச்சு மறக்காமலிருக்கக் காஃபின் முன்பே போயிருக்கும்.

குழந்தையைத் துணியில் சுற்றுவோம், கைகள் முகத்தருகே இருக்கும்படி. சீபாப்பை எடுப்பதில்லை, இது முக்கியம். நான் தலையைப் பிடித்துக்கொள்வேன். மருத்துவர் தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப் கருவியால் நாக்கை விலக்கி, குரல்நாண்கள் தெரிந்ததும் கதீட்டர் என்ற அந்த மெல்லிய குழாயை அவற்றுக்கு நடுவே ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் மட்டும் இறக்குவார். வளையாத கதீட்டர் என்றால் அப்படியே போகும். ஹோபார்ட் வழி என்பார்கள். வளைகிற ரப்பர் போன்ற குழாய் என்றால் சிறு இடுக்கியால் பிடித்து வழிகாட்ட வேண்டும். ஜெர்மனியின் கொலோன் நகரில் வளர்ந்த வழி அது.

இந்த எடைக் குழந்தைக்குப் போடும் சாதாரணச் சுவாசக் குழாயின் வெளிவிட்டம் சுமார் மூன்றரை, நான்கு மில்லிமீட்டர். கதீட்டர் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்த வேறுபாட்டுக்குள்தான் எல்லாம் இருக்கிறது. கதீட்டரைச் சுற்றிக் காற்று போய்வர இடம் இருக்கிறது. குரல்வளை திறக்கவும் மூடவும் முடிகிறது. முனகல் நிற்பதில்லை. மருந்து போய்க்கொண்டிருக்கும்போதே என் விரல்களுக்குக் கீழே அந்த முனகல் அதிர்வதை உணர்ந்திருக்கிறேன்.

லாரிங்கோஸ்கோப்பை வெளியே எடுத்து வாயை மெல்ல மூடிப் பிடித்துக்கொண்டு, ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் வரை கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடுவார்கள். நான் மானிட்டரைப் பார்த்து எண்களைச் சொல்லிக்கொண்டே இருப்பேன். இதயத் துடிப்பு 100க்குக் கீழே இறங்கினால் நிறுத்துவோம், காத்திருப்போம். அந்த அரை நிமிடக் காத்திருப்பில் யாரும் பேசுவதில்லை. ஏறியதும் தொடர்வோம்.

முடிந்ததும் வயிற்றில் இருக்கும் குழாயில் உறிஞ்சிப் பார்ப்போம். பால் நிறத்தில் வந்தால் மருந்து தவறிப் போயிருக்கிறது என்று பொருள். கொஞ்சம் வாய்க்கு எதிர்த்து வருவது உண்டு. குழந்தை அதையும் விழுங்கிவிடும். முழுவதுமே வயிற்றுக்குள் போனதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டும் எங்கள் பிரிவில் இம்முறை புதிதாக வந்த மாதங்களில். விழுங்கிய மருந்தால் வயிற்றுக்குக் கேடில்லை. நுரையீரலுக்குப் பயனில்லை, அவ்வளவுதான். மீண்டும் கொடுக்க வேண்டியிருந்தது.

உங்கள் குழந்தைக்கு ஆக்சிஜன் 40இலிருந்து 25க்கு இறங்கியதே, அதுதான் மருந்து சேர்ந்ததற்குச் சாட்சி.

பிப்ரவரி 7, இரவு 11.40

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். "மென்மையான முறை" என்று எல்லோரும் சொல்கிறோம். எனக்குள் ஒன்று உறுத்துகிறது.

குழாய் மெல்லியதுதான், லாரிங்கோஸ்கோப் அதே உலோகம்தான். அது நாக்கின் அடியை அழுத்தும்போது குழந்தைக்கு வலிக்கிறது, குமட்டுகிறது. பெரிய குழாய் போடும் முன் வலி மருந்து கொடுப்போம். லிசாவில் பல இடங்களில் அதைக் கொடுப்பதில்லை, ஏனென்றால் அந்த மருந்துகள் மூச்சை அடக்கும். மூச்சு நின்றால் இந்த முறையே இல்லை. அதாவது, மூச்சைக் காப்பாற்றுவதற்காக வலியைத் தாங்கச் சொல்கிறோம், சொல்லத் தெரியாத ஒரு பிள்ளையிடம்.

நெதர்லாந்தில் லைடன் மருத்துவர்கள் புரோபோஃபால் என்ற மயக்க மருந்தைச் சிறிதளவு கொடுத்துப் பார்த்து 2019இல் எழுதினார்கள். குழந்தைகள் அமைதியாக இருந்தார்கள். ஆக்சிஜன் அளவு அதிகமாக இறங்கியது. மூக்கு வழியே கூடுதல் மூச்சுதவி தேவைப்பட்டது. இரண்டும் உண்மை. சில பிரிவுகளில் ஃபென்டனில் என்ற வலி மருந்து கொடுக்கிறார்கள், சிலவற்றில் சர்க்கரைக் கரைசல் மட்டும். ஒத்த முடிவு இன்னும் எட்டப்படவில்லை.

என் எண்ணத்தைச் சொல்கிறேன். துணியில் இறுக்கமாகச் சுற்றுவது, நாக்கில் சர்க்கரைத் துளி, வெளிச்சத்தைக் குறைப்பது, அசையாத ஒரு கை தலையைத் தாங்குவது இவையெல்லாம் நடந்தபின்னும் குழந்தை திமிறினால், நிறுத்திவிட்டு மருந்து கொடுத்துத் தொடர வேண்டும். திமிறும் குழந்தையை அழுத்திப் பிடித்துக்கொண்டு மூன்றாவது முறை, நான்காவது முறை முயல்வதை நான் மென்மை என்று ஏற்க மாட்டேன். எங்கள் பிரிவில் இப்போது இரண்டு முயற்சிக்கு மேல் அதே கை தொடரக் கூடாது என்று வைத்திருக்கிறோம். அதற்காக நான் வாதாடியிருக்கிறேன்.

பிப்ரவரி 8, காலை 6.00

லாரிங்கோஸ்கோப்பே வேண்டாமே, நெபுலைசரில் புகையாகக் கொடுத்தால் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எல்லோருக்கும் வரும் ஆசை.

அமெரிக்காவில் 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வில், குழந்தை சப்பும் ரப்பர் காம்பு போன்ற ஒன்றின் வழியாகச் சர்ஃபாக்டன்டைத் தூவலாகக் கொடுத்தார்கள். 457 குழந்தைகள். குழாய் வழியே மருந்து தேவைப்பட்டவர்கள் 50 சதவீதத்திலிருந்து 26க்குக் குறைந்தார்கள். படித்தபோது மகிழ்ச்சியில் வார்டில் எல்லோருக்கும் சொன்னேன். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் 28 வாரத்தைவிட முதிர்ந்தவர்கள். 28 முதல் 32 வாரக் குழந்தைகளிடம் வேறொரு மருந்தும் கருவியும் வைத்து நடந்த ஆய்வில் பயன் தெரியாமல் இடையிலேயே நிறுத்தினார்கள். சின்னக் குழந்தை இழுப்பது சின்ன மூச்சு. தூவலில் பெரும்பகுதி குழாயிலும் மூக்கிலும் தொண்டையிலும் படிந்துவிடுகிறது.

பிறந்தவுடன் தொண்டையில் ஊற்றிவிடுவது இன்னோர் எண்ணம்; முதல் மூச்சோடு உள்ளே போய்விடும் என்று. 29 வாரத்துக்கு உட்பட்ட 251 குழந்தைகளிடம் ஐரோப்பாவில் செய்து பார்த்தார்கள். பெரிய குழாய் தேவைப்பட்டது 63 சதவீதம், ஊற்றாதவர்களில் 65. மாற்றமில்லை, காற்றுக் கசிவு கூடத்தான் செய்தது.

குரல்வளை மேல் கவிழ்த்து வைக்கும் லாரிஞ்சியல் மாஸ்க் இருக்கிறது. உலோகக் கருவி தேவையில்லை, கற்றுக்கொள்வதும் எளிது. ஒரு கிலோவுக்கு மேற்பட்ட குழந்தைகளில் நன்றாக வேலை செய்கிறது. மிகச் சிறிய மாஸ்க்கே அதற்கும் சிறிய குழந்தைகளின் வாய்க்குப் பெரிது. அவர்களுக்கேற்ற மாஸ்க்கை யாராவது செய்துவிட வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

பிப்ரவரி 8, காலை 6.10

"கூடத்தான் செய்தது" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டேன். ஒன்று சேர்க்க வேண்டும்: கருவி எதுவும் தொடாத முறையால்கூடக் கேடு வரலாம் என்பதற்கு அது சான்று. முறையின் பெயரைப் பார்த்து அது குழந்தைக்கு எளிது என்று முடிவுகட்டக் கூடாது.

பிப்ரவரி 9, மாலை 4.45

உங்கள் செய்தியைப் பார்த்தேன். நேற்று இரவு மூச்சு அடிக்கடி நின்று, பெரிய குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்துவிட்டார்கள். "அப்போதே இதைச் செய்திருக்கலாம், ஐந்து நாள் வீணாகிவிட்டது, கையெழுத்துப் போட்டது நான்தான் என்று தங்கை அழுகிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அவரிடம் இதைச் சொல்லுங்கள். எதுவும் வீணாகவில்லை. ஜெர்மனியில் 26 முதல் 28 வாரக் குழந்தைகள் 220 பேரிடம் நடந்து 2011இல் வெளிவந்த ஆய்வில், மெல்லிய குழாய் முறையில் மருந்து பெற்ற குழுவிலும் மூவரில் ஒருவருக்கு எப்போதோ ஒரு கட்டத்தில் வென்டிலேட்டர் தேவைப்பட்டது. மற்றக் குழுவில் நால்வரில் மூவருக்கு. அவளைவிடச் சிறிய, 23 முதல் 26 வாரக் குழந்தைகளிடம் நடந்த இன்னொரு ஜெர்மன் ஆய்வில் லிசா பெற்றவர்களிலேயே முக்கால்வாசிப் பேருக்குப் பிறகு குழாய் வேண்டியிருந்தது. அப்படியிருந்தும் பெரிய சிக்கல் ஏதுமின்றிப் பிழைத்தவர்கள் அந்தக் குழுவில்தான் அதிகம்: 50.5 சதவீதம், மற்றதில் 35.6.

பிறந்த முதல் சில நாள்தான் நுரையீரலும் மூளையின் இரத்தக் குழாய்களும் மிக நொய்மையாக இருக்கும் காலம். அந்த நாள்களைச் சொந்த மூச்சில் கடந்துவிட்டாள். இப்போது மூச்சு நிற்பதற்கு நோய்த்தொற்று காரணமா என்று பார்ப்பார்கள். இரத்தப் பரிசோதனை முடிவு என்ன என்று கேளுங்கள். "லிசா தோற்றுவிட்டது" என்று வார்டில் யாராவது சொல்லிக் கேட்டிருந்தால், அந்தச் சொல்லை மறந்துவிடுங்கள். நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்ளும் கெட்ட வழக்கம் அது.

பிப்ரவரி 9, இரவு 10.30

தங்கை கையெழுத்தைப் பற்றி வருந்துவது மனத்தை விட்டுப் போகவில்லை. என் பக்கத்திலும் கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்து வாங்கும்போது "மூவரில் ஒருவருக்குப் பிறகு வென்டிலேட்டர் வேண்டியிருக்கும், அது இந்தச் சிகிச்சையின் வழியில் வருவதுதான்" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால், இன்று அந்தத் தாய் தன்னைத் தண்டித்துக்கொண்டிருக்க மாட்டார். நானும் எத்தனையோ பேரிடம் அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கிறேன், பயமுறுத்த வேண்டாம் என்று. நாளையிலிருந்து சொல்வேன்.

பிப்ரவரி 11, காலை 5.40

பணிக்குக் கிளம்புகிறேன். இரண்டு ஆண்டுகள் கழித்து என்ன ஆகும் என்ற கேள்விக்கு மட்டும் பதில். ஆப்டிமிஸ்ட் குழந்தைகளை இரண்டு வயதில் மீண்டும் பார்த்தார்கள், 2023இல் வெளிவந்தது. இறப்பையும் வளர்ச்சிக் குறைபாட்டையும் சேர்த்து எண்ணியதில் இரு குழுக்களும் ஏறக்குறைய ஒன்று, 36 சதவீதம். மூச்சுத் தொந்தரவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் மெல்லிய குழாய்க் குழுவில் 25.1 சதவீதம், மற்றதில் 38.2. வீட்டில் ஒரு இருமல் சத்தத்துக்கு இரவெல்லாம் விழித்திருக்கும் தாய்மார்களுக்கு இந்த எண்ணின் அருமை தெரியும்.

பிப்ரவரி 13, இரவு 9.20

குழாயை எடுத்துவிட்டார்கள்! ஐந்தாம் நாளிலேயே! தொற்று என்று கண்டுபிடித்து மருந்து கொடுத்ததும் மூச்சு திரும்பிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். பணிக்கு நடுவே படித்துவிட்டு உடன் இருந்தவர்களிடமும் சொன்னேன்.

அழுகை கரகரவென்று, பூனைக்குட்டிபோல் இருக்கிறதே, குரல் போய்விட்டதா என்று தங்கை பயப்படுகிறார் என்கிறீர்கள். குழாய் ஐந்து நாள் குரல்நாண்களுக்கு நடுவே இருந்தது, அவை வீங்கியிருக்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தெளிந்துவிடும். மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்ற ஒலி வந்தாலோ, ஒரு வாரம் கழித்தும் கரகரப்புப் போகாவிட்டாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தொடலாமா என்று கேட்டார் அல்லவா? தொடலாம். கையைக் கழுவிச் சூடாக்கிக்கொண்டு, ஒரு கையைத் தலை மேலும் ஒரு கையை மடங்கிய பாதங்கள் மேலும் வைத்து அப்படியே அசையாமல் இருக்கச் சொல்லுங்கள். தடவ வேண்டாம், இந்த வயதில் தோலுக்கு அது உறுத்தும். மானிட்டரைப் பார்க்க வேண்டாம், அதைப் பார்க்க அங்கே எங்களைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். வாய் துடைக்கும் நேரம் எது என்று செவிலியரிடம் கேட்டு அந்த நேரத்துக்குப் போனால், தாய்ப்பாலில் நனைத்த பஞ்சை அவர் கையிலேயே கொடுப்பார்கள்.